ஆடிக் காத்துல ஃப்ளோட் டியூப்: ஏரி நடுவுல ஒரு இடத்துல நிக்க முடியல, வழி சொல்லுங்க

ஆற்காட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். காவேரிப்பாக்கம் சுத்துவட்டாரத்துல ஒரு ஏரி. கார்த்திகையில நிரம்பின தண்ணி இன்னும் பாதிக்கு மேல நிக்குது. மீன்பாசி குத்தகைக்காரர்கிட்ட கேட்டாச்சு, அவங்க வலை வைக்காத நாள்ல இறங்கிக்கச் சொல்லிட்டார். மீன் விரால்தான், கூடவே ஜிலேபி.

கையில இருக்கிறது ‘ப’ வடிவ ஃப்ளோட் டியூப் (உக்காந்து மிதந்துக்கிட்டே மீன் பிடிக்கிற காத்தடைச்ச மிதவை), உள்ள ரெண்டு காத்துப் பை. கால்ல மாட்டி உதைக்க, நீச்சல் குளத்துக்குப் போடற குட்டை ரப்பர் ஃபின்ஸ். ஆறு அடி ராடு, ஸ்பின்னிங் ரீல், 30 பவுண்டு பிரெய்டு (பின்னல் நூல்), 10 கிராம் தவளை லூர் (போலி இரை). நுரை வெச்ச லைஃப் ஜாக்கெட் இருக்கு.

காலையில எட்டரை வரைக்கும் தொல்லை இல்ல. அதுக்கு மேல மேக்கு காத்து கிளம்பிடுது. ரெண்டு வீச்சு வீசறதுக்குள்ள டியூப் கிழக்குக் கரைப் பக்கம் ஒதுங்கிடுது. மூணு கிலோ கருங்கல்லை நாலு மீட்டர் கயித்துல கட்டி வலது பக்க வளையத்துல மாட்டினா, டியூப் பம்பரமா சுத்துது, அலை மடியில ஏறுது. ஆழம் ரெண்டரை, மூணு மீட்டர் இருக்கும். நூலும் சிக்கு சிக்கா ஆகுது. நங்கூரத்தை மாத்தணுமா, ஃபின்ஸை மாத்தணுமா, இல்ல எட்டரைக்கே மூட்டை கட்டிடணுமா? எந்தக் கரையில இறங்கறது சரி?

கலங்கல்:
மொதல்ல அந்தக் கருங்கல்லை அவுத்துடுங்க தம்பி. மத்ததெல்லாம் அப்புறம்.

பக்கவாட்டுல கட்டினா காத்து டியூபைத் தள்ளும், கயிறு ஒரு ஓரத்தைப் பிடிச்சு இழுக்கும். ரெண்டுக்கும் நடுவுல அந்த ஓரம் தண்ணிக்குள்ள அமுங்கும். அலை ஏறறது அதனாலதான். மூணு மீட்டர் ஆழத்துக்கு நாலு மீட்டர் கயிறுன்னா அது கிட்டத்தட்ட செங்குத்தா நிக்குது. அலை டியூபைத் தூக்கறப்ப கயிறு தூக்க விடாது, தண்ணி மேல வரும். கல்லும் சேத்துல பிடிக்காம குதிச்சுக் குதிச்சு நகரும். நங்கூரம் போட்டே ஆகணும்னா ஆழத்தைப் போல அஞ்சு மடங்கு கயிறு, அதாவது 15 மீட்டர். கட்டற இடம் முதுகுக்குப் பின்னாடி, சரியா நடுவுல.

ஏன் முதுகுக்குப் பின்னாடின்னா, ஃப்ளோட் டியூப்ல எல்லாமே பின்னோக்கித்தான். ஃபின்ஸ் உதைச்சா நாம முதுகுப் பக்கமாத்தான் போவோம். அதனால காத்து அடிக்கிறப்ப முதுகு காத்துக்கு, முகம் காத்து போற திசைக்கு. ஆடி மாசம் மேக்கு காத்துன்னா முதுகு மேக்க, முகம் கிழக்க. இப்படி உக்காந்தா மூணு வேலை ஒண்ணா நடக்கும். உதைச்சா காத்தை எதிர்த்து ஏறலாம். அலை முதுகுச் சாய்மானத்துல பட்டு ரெண்டா பிரியும், மடியில ஏறாது. வீச்சும் காத்தோட போகும்.

இறங்கற கரை: நம்ம பக்கத்துல நிலம் மேக்குலேர்ந்து கிழக்கா சரியுது, அதனால பெரும்பாலான ஏரிக்குக் கரை கிழக்குலதான், மேக்கால நீர்ப்பிடிப்பு. மேக்கு காத்துக்குக் கிழக்குக் கரையில இறங்கி, உடம்புல தெம்பு இருக்கிறப்பவே மேக்க உதைச்சு ஏறிடணும். அப்புறம் மீன் பிடிச்சிக்கிட்டே காத்தோட இறங்கி வரலாம். கால் சோர்ந்தாலும், ஃபின்ஸ் ஒண்ணு கழண்டாலும், வண்டி நிக்கிற கரைக்கே காத்து கொண்டாந்து விட்டுடும். மேக்கால இறங்கினா மொத பத்து நிமிஷம் சுகமா இருக்கும், திரும்பி வர்றதுதான் முடியாது.

ஐப்பசி, கார்த்திகையில இதையே தலைகீழா வெச்சுக்கணும். வாடைக் காத்து வடகிழக்குலேர்ந்து வரும், கரையிலேர்ந்து நடு ஏரிக்குத் தள்ளும். அப்ப கரையடியில தண்ணி கண்ணாடியா இருக்கும், நூறு மீட்டர் தாண்டினா அலை. கரையில நின்னு பாத்து ஏமாறக்கூடாது.

ஒரு சோதனை சொல்றேன். இறங்கின உடனே, கரையில ஒரு பனைமரத்தைக் குறி வெச்சு, காத்தை எதிர்த்து ஒரு நிமிஷம் உதைங்க. 15 மீட்டர் கூட நகரலன்னா அன்னிக்குக் கரை ஏறிடுங்க. 15 மீட்டர் நகர்ந்தாலும் 500 மீட்டர் போக 33 நிமிஷம் ஆகும், அந்தக் கணக்கு மனசுல இருக்கட்டும். குட்டை ஃபின்ஸோட இதுல தேற மாட்டீங்க. முழங்காலை ஆட்டி உதைக்கிற நீள ஃபின்ஸ் வேணும், குதிகால்ல பட்டையோட. ரெண்டையும் ஒரு முழக் கயித்துல கணுக்காலோட கட்டிடுங்க, சேத்துல உருவிக்கிட்டா தேட முடியாது.

வேலிகாத்தான்:
கலங்கல் அண்ணன் சொன்ன திசை சரி. கிழக்குக் கரைன்னு பொத்தாம்பொதுவா சொன்னதுலதான் எனக்கு ஒப்புதல் இல்ல.

பெரிய ஏரிக் கரைன்னா உள்பக்கம் அலைக்கல் பதிச்சிருக்கும். பாசி பிடிச்ச சரிவு, கல்லுக்குக் கல்லு இடைவெளி. ஒரு கிலோமீட்டர் தண்ணிமேல ஓடி வந்த அலை அங்கதான் வந்து மோதும். ஃபின்ஸ் போட்ட காலோட, இடுப்புல டியூபோட, அந்தக் கல்லு மேல ஏறிப் பாத்தா தெரியும். காலை ஆறு மணிக்கு இறங்க வசதியான இடம்தான். பத்து மணிக்கு அதே இடத்துல ஏற முயற்சி பண்ணா அலை டியூபைத் தூக்கிக் கல்லுல அறையும். வெளித்துணி கிழியும், கணுக்கால் பிசகும்.

ஏரிக்கரை நேர்கோடு கிடையாது, வில்லு மாதிரி வளைஞ்சு ரெண்டு முனையும் மேட்டு நிலத்துல போய் முடியும். அந்த முனைகள்ல அலைக்கல் இருக்காது, மண் சரிவுதான். மேக்கு காத்து அங்க கரையை ஒட்டினாப்ல சாய்வா போகும், அலை நேரா மோதாது. இறங்கறதும் ஏறறதும் அங்க வெச்சுக்கோங்க. காத்து நேரா கரையைப் பாத்துத் தள்ளினாலும், 30, 40 டிகிரி சாய்ச்சு உதைச்சா முனைக்குப் போய்ச் சேரலாம். காத்தை நேருக்கு நேர் எதிர்க்கிறது வேற, குறுக்கால நழுவுறது வேற. ரெண்டாவதுக்குப் பாதி தெம்பு போதும்.

முனையில கோடி (ஏரி நிரம்பினா மிச்சத் தண்ணி வழியற இடம்) இருந்தா மட்டும் உஷார். ஏரி கோடி போற காலத்துல அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்கக்கூடாது. மதகுல தண்ணி திறந்திருந்தாலும் அப்படித்தான். மேல ஒண்ணும் தெரியாது, அடியில இழுக்கும்.

அப்புறம் நான் யார் பேர்ல இங்க எழுதறேனோ அந்த முள்ளு. ஏரி உள்வாயில முளைச்ச வேலிகாத்தான் தண்ணிக்கடியில காஞ்சு நிக்கும். பின்னோக்கிப் போறதால கண்ணுல படாது. பத்து உதைக்கு ஒருமுறை தோளைத் திருப்பிப் பாருங்க. தண்ணி வத்தின மாசத்துல ஏரியை ஒரு தடவை நடந்து பாத்து, முள்ளு எங்க, வண்டல் எடுத்த பள்ளம் எங்கன்னு குறிச்சு வெச்சிக்கிறது இன்னும் மேல். இடுப்பளவு தண்ணின்னு நினைச்சு இறங்கினா அடுத்த அடியில பள்ளம் இருக்கும். மடக்குற கொக்கி நங்கூரத்தையும் இந்த ஏரிகள்ல போடாதீங்க, முள்ளுல மாட்டினா வராது. வலைப்பையில ரெண்டு கிலோ ஜல்லி போட்டு இறக்குங்க, சேத்துல நல்லா அமுங்கும், இழுத்தா வந்துடும்.

வலை வைக்காத நாள்னு சொன்னாலும் முந்தின நாள் வலை ஒண்ணு ரெண்டு கிடக்கும். அலையில பாட்டில் மிதவை தெரியாது. ஃபின்ஸ் மாட்டினா உதைக்கறதை உடனே நிறுத்துங்க, உதைக்க உதைக்கச் சுத்திக்கும். காலைத் தூக்கி, கையால கழட்டுங்க. கத்தி லைஃப் ஜாக்கெட்ல, கைக்கு எட்டற இடத்துல இருக்கணும். வலையை அறுக்கறது கடைசி வழி, அறுத்தா குத்தகைக்காரருக்குக் காசு கொடுத்துடுங்க. இல்லன்னா அடுத்த வாரம் யாருக்கும் ஏரி கிடையாது.

பஞ்சர்:
நங்கூரமே வேணாம் சார். அலை வெள்ளையா நுரை கட்டறப்ப நங்கூரத்துல நிக்கிறது டியூப்புக்குப் பொருந்தாத வேலை. ஒதுங்குறதை நிறுத்தாதீங்க, மெதுவாக்குங்க. அதுக்கு இழுவைப் பை, தண்ணிக்குள்ள விரிஞ்சு டியூபைப் பிடிச்சு இழுக்கிற பை.

கடையில விக்கிறதை வாங்கலாம், வீட்டுலயே தைக்கவும் தைக்கலாம். நிறைய பேர் 25 கிலோ அரிசிச் சாக்கு ஒண்ணுக்கு அடியில ஓட்டை போட்டு மாட்டிட்டு ‘வேலை செய்யல’ம்பாங்க. அதோட வாய் ஒரு அடி அகலம்தான் வரும். தண்ணிக்குள்ள தொங்குற நம்ம ரெண்டு காலும் ஃபின்ஸும் சேர்ந்து அதைவிடப் பெரிய இழுவை. (அதனாலதான் காலைத் தூக்கிக்கிட்டு உக்காந்தா டியூப் ஓடுது. தொங்க விடுங்க.) பை வித்தியாசம் காட்டணும்னா வாய் 75 சென்டிமீட்டர் குறுக்களவு வேணும்.

50 கிலோ பிளாஸ்டிக் சாக்கு ரெண்டு எடுத்து, பக்கத் தையலைப் பிரிச்சு ஒண்ணாச் சேர்த்துத் தையுங்க. வாயில 16 மில்லிமீட்டர் சொட்டுநீர் பைப் 2.35 மீட்டர், வளையமா வளைச்சு, மடிச்சுத் தைக்கணும். பைப்போட ரெண்டு முனையையும் ஒரு ஜாயினர்ல சொருகிடுங்க. பை ஒரு மீட்டர் நீளம், போகப் போகக் குறுகி, வால்ல 12 சென்டிமீட்டர் ஓட்டை. ஓட்டை இல்லன்னா பை நேரா நிக்காது, பாம்பு மாதிரி நெளியும். வளையத்துல நாலு இடத்துல ஒரு மீட்டர் கயிறு கட்டி, நாலையும் ஒரு சுழல்கொக்கியில சேருங்க. சுழல்கொக்கி இல்லன்னா பை சுத்திச் சுத்திக் கயிறே முறுக்கிக்கும். வளையத்து மேல ஓரத்துல அரை லிட்டர் காலி பாட்டில், கீழ் ஓரத்துல 100 கிராம் ஈயம். இது ரெண்டும் இருந்தா பை சேத்துலயும் புதையாது, வாயும் நிமிர்ந்து நிக்கும். வால்ல தனியா ஒரு மெல்லிய கயிறு, அதை இழுத்தா பை கவிழ்ந்து தண்ணியைக் கக்கிடும். அது இல்லாம 75 சென்டிமீட்டர் பையை உக்காந்த இடத்துலேர்ந்து இழுத்துப் பாருங்க, தோள்பட்டை சொல்லும்.

டியூப்லேர்ந்து பைக்கு 3 மீட்டர் கயிறு, 6 மில்லிமீட்டர் நைலான். முதுகுச் சாய்மானத்துக்குப் பின்னாடி நடு வளையத்துல, கையால ஒரே அழுத்துல திறக்கற கொக்கி போட்டு மாட்டணும்.

இப்ப டியூபுக்குக் காத்து அடிக்கிற விஷயம். வேலூர், ஆற்காடு வெயிலைத் தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, ஆனா டியூப் வெடிக்கிறது அதனாலதான். விடியக்காலை 25 டிகிரியில ஒரு பி.எஸ்.ஐ. அடிச்சு, ஒன்பது மணிக்கு ஏறி, டியூபைக் கரைக் கல்லு மேல போட்டுட்டு டீ குடிக்கப் போறீங்க. உள்ள காத்து 50 டிகிரிக்கு வந்தா அழுத்தம் ரெண்டேகால் பி.எஸ்.ஐ. தாண்டும். ஜிப்பு விடும், இல்ல தையல் விடும். ஏறின உடனே ரெண்டு அறையிலயும் கொஞ்சம் காத்து இறக்கிடுங்க. இறங்கறப்ப அதுக்கு நேர்மாறு: தண்ணி பட்டுக் குளிர்ந்து டியூப் தொளதொளன்னு ஆகும். தொளதொளத்த டியூப் காத்துல மடங்கும், உக்காரும் உயரம் குறையும். அஞ்சு நிமிஷம் கரையோரத் தண்ணியில வெச்சுட்டு, அப்புறம் கைப் பம்புல நாலு அடி ஏத்துங்க. பஞ்சர் கடை கம்ப்ரஸர் பக்கம் கொண்டு போகாதீங்க. பேரைப் பாத்துட்டு நானே வழி சொல்றேன்னு நினைச்சிடப் போறீங்க.

லாரி டியூப்ல இறங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை: ஒரே அறை, ஒரு முள்ளு போதும். உலோக வால்வு மேல்பக்கம் நீட்டிக்கிட்டு நிக்கும், தொடையைக் கிழிக்கும், துணி சுத்தி வெளிப்பக்கமா மடக்கிக் கட்டுங்க. வட்டமா இருக்கறதால திசையும் நிக்காது. காத்து நாளுக்கு அது வேணாம்.

ஆற்காட்டான்:
நன்றிண்ணா, எல்லாருக்கும். சாக்கு ரெண்டு கிடைச்சாச்சு. ரெண்டு சந்தேகம். பை பின்னாடி தொங்கறப்ப உதைச்சா ஃபின்ஸ்ல சுத்தாதா? அப்புறம் நூல் சிக்கு, அதுக்கு யாரும் பதில் சொல்லலியே.

பஞ்சர்:
ஃபின்ஸ் உங்க முன்னாடி, பை உங்க பின்னாடி. காத்து உங்களைக் கிழக்கத் தள்ளுது, பை மேக்க இழுக்குது, கயிறு விறைப்பாவே இருக்கும். சிக்கல் எப்பன்னா, பையைக் கழட்டாம காத்தை எதிர்த்து உதைச்சா. அப்ப கயிறு தளர்ந்து பை உங்களுக்கு அடியில வரும். மேல ஏறணும்னா மொதல்ல வால் கயித்தை இழுத்துப் பையை மடியில போடுங்க, அப்புறம் உதைங்க.

விரால்வேட்டை:
நூல் விஷயத்துக்கு வர்றேன்.

10 கிராம் தவளை இந்தக் காத்துக்குப் பட்டம்தான். 15லேர்ந்து 18 கிராமுக்குப் போங்க. ஸ்பின்னிங் ரீல்ல பிரெய்டு சிக்கறதுக்குக் காத்து பாதிக் காரணம்தான், மீதி தளர்வாச் சுத்தின நூல். லேசான தவளையை இழுக்கறப்ப நூல்ல விறைப்பு இல்ல, காத்து நூலை வில்லா வளைக்குது, அந்தத் தளர்வு அப்படியே ஸ்பூல்ல (ரீல்ல நூல் சுத்தியிருக்கிற உருளை) ஏறுது. அடுத்த வீச்சுல ரெண்டு மூணு சுத்து சேர்ந்து கிளம்பி முடிச்சு விழுது. தவளை தண்ணியைத் தொடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஸ்பூல் ஓரத்துல விரலை வெச்சு நூலைத் தடவி நிறுத்துங்க. ரீலோட கம்பி வளையத்தைக் கையால மூடுங்க, கைப்பிடியைச் சுத்தி மூடாதீங்க. மூடின உடனே நூலை ஒரு தடவை விரலால இழுத்து விறைப்பாக்கிட்டு அப்புறம் சுத்துங்க. ஸ்பூல் விளிம்புக்கு ரெண்டு மூணு மில்லிமீட்டர் கீழ வரைக்கும்தான் நூல் இருக்கணும். விளிம்பு வரைக்கும் நிரப்பினா இதெல்லாம் பண்ணியும் சிக்கும்.

ஆறு அடி ராடு போதாது. தண்ணி மட்டத்துல உக்காந்திருக்கோம், பின்னால கொண்டு போறப்ப முனை அலையில தட்டும். ஏழு அடிக்கு மாறுங்க. தலைக்கு மேல வீசாம பக்கவாட்டுல, தண்ணிக்கு மூணடி உயரத்துலயே போற மாதிரி வீசுங்க. அந்த உயரத்துல காத்து கம்மி. வீசின உடனே ராடு முனையைத் தண்ணிகிட்ட இறக்கிடுங்க, நூல் வில்லா வளையறது பெருமளவு நிக்கும்.

அலை அடிக்கிற திறந்த தண்ணியில தவளையை இழுக்கறது வீண். மூக்கு அலைக்குள்ள புகும், விராலுக்கும் தெரியாது. விரால் மூச்சு வாங்க மேல வர்ற மீன், அது அலை இல்லாத ஒதுக்கத்தைத்தான் தேடும். மேக்கு காத்துக்குக் கோரைத் திட்டுக்குக் கிழக்க, ஆகாயத்தாமரை ஒதுங்கின மூலைக்கு உள்பக்கம், கருவேல மரம் நிக்கிற மண்திட்டுக்குப் பின்னாடின்னு பாருங்க. அங்கதான் தவளை. திட்டுக்கு மேக்கால நின்னு, அதைத் தாண்டி வீசி, மேல ஏத்தி இழுத்தா ஓரத்துல அடிக்கும். திறந்த தண்ணியிலதான் வீசணும்னா, முள் மறைஞ்ச ரப்பர் மீனுக்கோ தகடு சுத்துற லூருக்கோ மாறுங்க, அரையடி ஆழத்துல வரட்டும்.

அடிச்ச உடனே ஒரு விஷயம். கரையில நின்னு சுண்டற மாதிரி சுண்டினா டியூப்தான் மீனைப் பாத்து நகரும், கொக்கி ஏறாது. நூலை விறைப்பா சுத்தி, சுண்டற அதே நேரத்துல ரெண்டு காலாலயும் பலமா உதைங்க. உதை உங்களைப் பின்னாடி கொண்டு போகும், கொக்கியும் ஏறும், விரால் கோரைக்குள்ள புகறதுக்குள்ள வெளியவும் வந்துடும். காத்து உங்களைத் திட்டுப் பக்கமே தள்ளிக்கிட்டு இருக்கும், அதனால உதைக்கறதை நிறுத்தாதீங்க. கெளுத்தி மாட்டினா டியூப் மேல போடவே கூடாது. பக்க முள்ளு காத்துப் பை வரைக்கும் இறங்கும். ஜிலேபி முதுகு முள்ளும் லேசுப்பட்டதில்ல. வலைக்கரண்டியில எடுத்து, வலையிலயே வெச்சுக் கொக்கியைக் கழட்டுங்க. செக்கச்செவேல்னு குஞ்சுக் கூட்டம் மேல வந்து வந்து போனா, கூட இருக்கிற தாய் விராலை விட்டுடுங்க.

கலங்கல்:
வேலிகாத்தான் சொன்ன கரை முனை விஷயத்தை ஏத்துக்கறேன், என்னோடதைவிட அது சரி. சின்ன ஏரிக்கு என் வழி போதும். காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி மாதிரி நீள ஏரிக்கு முனைதான்.

எட்டரைக்கு மூட்டை கட்டணுமான்னு கேட்டிருந்தீங்க. ராத்திரி நிலம் குளிர்ந்து கிடக்கறதால மேல அடிக்கிற காத்து தரைக்கு இறங்காது. வெயில் ஏறி நிலம் சுட்ட பிறகுதான் அது கலந்து கீழ வரும். அதனால மேகம் மூடின நாள்ல பத்து வரைக்கும் கூட இழுக்கலாம், வெயில் சுள்ளுன்னு அடிச்சா எட்டுக்கே ஆரம்பிச்சிடும். முந்தின நாளே காத்து வரைபடம் காட்டற செயலியில பாருங்க, சராசரியைப் பாக்காதீங்க, திடீர் வீச்சுக்குத் தனி வரி இருக்கும், அதைப் பாருங்க. அளவு நாட்ல இருந்தா 10 நாட்னா மணிக்குப் பதினெட்டரை கிலோமீட்டர். நான் வெச்சிருக்கிற கோடு: திடீர் வீச்சு மணிக்கு 15 கிலோமீட்டர் வரைக்கும் தாராளம், 20ன்னா இழுவைப் பையோட கரை ஓரமா மட்டும், 25ன்னா இறங்கறதே இல்ல. காத்து ரெண்டு மடங்கானா தள்ளற விசை நாலு மடங்கு, அதனால 15க்கும் 25க்கும் உள்ள தூரத்தைச் சின்னதா நினைக்காதீங்க.

சாயங்காலம் இறங்கற ஆளா இருந்தா இடி மழை வேற. மேக்கால மலைப் பக்கம் கருத்து, திடீர்னு ஜில்லுனு காத்து திசை மாறி வந்தா மழை வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. அந்தக் காத்துதான் மொத அடி. இடிச் சத்தம் காதுல விழுந்தாலே கார்பன் ராடைப் படுக்க வெச்சுட்டு, கிட்ட இருக்கிற கரைக்குப் போயிடணும். அது உங்க வண்டி நிக்கிற கரையா இல்லாட்டி நடந்துக்கலாம். மின்னல் எச்சரிக்கைக்குத் தாமினி செயலி இருக்கு, தமிழ்லயே கிடைக்கும்.

ஆற்காட்டான்:
சரிங்கண்ணா. வடக்கு முனையில மண் சரிவு இருக்கு, கோடி தெக்கால. ஞாயித்துக்கிழமை அங்க இறங்கறேன். லைஃப் ஜாக்கெட் முதுகுல நுரை தடிமனா இருக்கு, சாய்மானத்துல இடிச்சுத் தலை முன்னாடி தள்ளுது. காத்தடைச்ச மாடலுக்கு மாறலாமா?

வேலிகாத்தான்:
முள்ளு ஏரியில காத்தடைச்சது வேணாம் தம்பி. முதுகோட மேல்பாதியில மட்டும் நுரை, கீழ்பாதி வலைத்துணின்னு வர்ற மாடல் இருக்கு, உக்காந்து துடுப்பு போடறவங்களுக்குன்னு செஞ்சது. சாய்மானம் வலைத்துணியில படும், தலை நேரா நிக்கும். வாங்கறப்ப போட்டுப் பாத்து, தோள்பட்டை ரெண்டையும் பிடிச்சு ஒருத்தரை மேல தூக்கச் சொல்லுங்க. தாடைக்கு மேல ஏறினா ஒரு அளவு சின்னதா எடுங்க.